ஆர்சொன்னதுக்குக் கிடைத்த பதவி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தலைவராக ஆசைப்படாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஆர்சொன்னதுதான். இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஏதாவதொரு சங்கத்தின் தலைவர் மேல் விழும். குறி தப்பினால் முன்னாள் தலைவர் மேல் விழும். சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், அதோடு கோபித்துக்கொண்டு பிரிந்துபோன இன்னொரு பழைய மாணவர் சங்கம் என்று ஊரில் ஆட்களைவிடப் பதவிகள் அதிகம். ஆட்களில் பாதிப்பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள்; பதவிகள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன. அப்படிப்பட்ட ஊரில், மனிதருக்கு மேல் மனிதர் இருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் திரிந்தார். கடைசியில் தலைவராகத்தான் செத்தார். சிரிக்க வைக்கும் எண்ணத்தோடுதான் இதைத் தொடங்குகிறேன். முடியும்வரைக்கும் சிரிப்பு தாக்குப்பிடிக்குமோ தெரியாது.

அவருக்கு அந்தப் பெயர் வந்த காரணம் எளிது. யார் எதைச் செய்யச் சொன்னாலும் "ஆர் சொன்னது?" என்று கேட்பார். பஸ்ஸில் கொண்டக்டர், "ஐயா, பின்னாலை போங்கோ" என்பான்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

"ஏன்?"

"முன்னுக்குச் சனம் நெருக்குப்படுது. ஏறுறவைக்கு இடமில்லை."

"இப்ப நீர் காரணம் சொன்னீர். சரி, போறன்" என்று மிக மரியாதையாகப் பின்னால் போவார். சண்டைக்குத் தயாராக சட்டைக்கையை மடித்த கொண்டக்டர்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனபோதும் இதே கதைதான். இனிப்பைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்ல, இவர் காரணம் கேட்டுக் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வரிசையில் நின்ற சனம் பல்லைக் கடித்தது. டொக்டர் பாவம், கணையத்தைப் படம் கீறியே காட்டினார். அதற்குப் பிறகு ஆர்சொன்னது தைப்பொங்கலுக்குக்கூடச் சர்க்கரைப் பொங்கலைத் தொட்டதில்லை. கட்டளைக்கு அசையாத மனிதர், காரணத்துக்கு அப்படி அடங்கிப்போவார். ஊருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. விசரன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அவர் ஜேர்மனிக்கென்று வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் கிரேக்கத்தில் இறக்கிவிட்டு மறைந்துபோக, அங்கேயே சில வருஷங்கள் கிடந்து திரும்பியவர். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றதும் சொந்தக்காரர் சொக்லேட்டுக்கும் சென்ட் போத்தலுக்கும் காத்திருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போன ஒருவர் சாமானில்லாமல் கொள்கையோடு மட்டும் திரும்பி வந்ததை ஊர் அன்றுதான் கண்டது. அந்தக் கொள்கைக்குப் புத்தகங்களில் அரசின்மைவாதம் என்று பெயர். அவர் அந்தச் சொல்லைப் பாவித்து நான் கேட்டதில்லை. ஒரு கட்டடக் கதையைத்தான் சொல்லுவார்.

"ஆளில்லாத ஒரு பழைய கட்டடத்திலை இருந்தனாங்கள் தம்பி. அகதியளும் இருந்தவை, அந்த ஊர்ப் பெடியளும் இருந்தவங்கள். முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை. ஆர் சமைக்கிறது, ஆர் கழுவுறது எண்டு எல்லாரும் இருந்து கதைப்பம். நான் பருப்புக் காய்ச்சினன். சிரியாக்காரன் ரொட்டி சுட்டான். பொலிஸ் வந்து உங்களுக்குப் பொறுப்பு ஆர் எண்டு கேட்டா, எல்லாருமாக் கையைத் தூக்குவம்."

"அப்ப ஆரைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்?"

"அதுதான் அவங்களுக்கும் பிரச்சினை" என்று சிரிப்பார். வெகுகாலம்வரை அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும்தான்.

ஊரிலும் அப்படித்தான் வாழப் பார்த்தார். எங்கள் ஒழுங்கையில் குழிகள் விழுந்து, அவற்றை மூடச் சொல்லி மகஜர் கொடுத்துக் கொடுத்து எங்கள் கை ஓய்ந்துபோயிருந்தது. இவர் ஒருநாள் காலை மண்வெட்டியோடு போய், உடைந்த மதில் கற்களைக் கொட்டித் தானே மூடத் தொடங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க வெட்கப்பட்டு ஒவ்வொருவராக நாங்களும் இறங்கினோம். வேலை முடிந்த பிறகு ஒரு அரசியல்வாதி நாடா வெட்டித் திறந்துவைக்க வந்தார். நடந்து பழகிய ஒழுங்கையை எப்படித் திறப்பது என்று ஆர்சொன்னது அவரிடம் உண்மையான ஆர்வத்தோடு விசாரித்தார். படம் எடுக்க வந்தவர்கள் எடுக்காமலே போய்விட்டார்கள்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து தொற்றியது என்று ஒருமுறை கேட்டேன். புகையிலைக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"என்ரை தம்பியை விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போனாங்கள். மேலிடத்துச் சொல்லு எண்டாங்கள். நான் அந்த மேலிடத்துக்குப் போனன். அவங்கள் தங்களுக்கும் மேலை ஒரு இடம் இருக்கெண்டாங்கள். அங்கையும் போனன். ஒருத்தனும் நான்தான் சொன்னனான் எண்டு சொல்லேல்லை. அந்த நேரம் ஆர் சொன்னது எண்டு வாய்விட்டுக் கேக்க ஏலாது தம்பி, உமக்குத் தெரியுந்தானே. அதுதான் இப்ப எல்லாருக்கும் சேத்துக் கேக்கிறன்."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. எட்டுக் குடும்பங்களுக்குச் சொந்தம். முறை வைத்துத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். எனக்கு அதில் தாய்வழியில் வந்த ஒரு சின்னப் பங்கு. பெரிய பங்கு சிவபாதத்தாருடையது. அவருடைய தோட்டம் கிணற்றை ஒட்டி இருக்கிறது. அவருடைய குரலும் அதற்கேற்ற அளவு. வாய்க்காலின் கடைசியில் இருப்பது பவளம் அக்காவின் வெங்காயத் தோட்டம். கணவர் போன பிறகு அந்தப் பாத்திகளில் விளைவதை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. அவளுடைய முறை வரும்போது கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். மிச்சம் இருந்தால் வாய்க்கால் குடித்துவிடும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்துவந்தது.

ஆர்சொன்னதுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. ஊருக்கு வந்த கையோடு பங்குக்காரர் எல்லாரையும் கிணற்றடிப் பூவரசுக்குக் கீழே இருத்தினார். அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான்.

"ஒருத்தர் இல்லை எண்டாலும் அது நடவாது. ஆனால் இல்லை எண்டுறவர் எழும்பிப் போகக்கூடாது. இருந்து வேறை வழி சொல்லவேணும்."

சிவபாதத்தாருக்கு அந்த விதியின் முதற்பாதி மிகவும் பிடித்துவிட்டது. அன்று காலை முழுக்க எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மத்தியானமாகியும் எவரும் எழும்பவில்லை. அவருடைய மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். ஆர்சொன்னது அந்தச் சோற்றையும் கறியையும் ஒன்றாகக் குழைத்து, உருண்டை பிடித்து, சுற்றி இருந்த எங்கள் எல்லாருடைய கையிலும் வைத்தார். கடைசி உருண்டையைச் சிவபாதத்தாரின் கையில் வைத்தார். அவருடைய சோற்றில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எல்லாரும் மென்றுகொண்டிருக்கும்போது இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. கடைசித் தோட்டத்துக்கு முதல் தண்ணீர் என்று அன்று முடிவாயிற்று. பவளம் அக்கா கையில் இருந்த சோற்றைச் சாப்பிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தாள்.

பிறகு நாட்டில் மண்ணெண்ணெய் இல்லாத அந்தக் காலம் வந்தது. இறைக்கிற மெசின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். முதலில் ஆளாளுக்கு வைத்திருந்ததை ஒரே பீப்பாவில் ஊற்றினோம். வரிசையில் மாறி மாறி நின்றோம். யாருக்குக் கிடைத்தாலும் பீப்பாவுக்குள்தான் போனது. சிவபாதத்தாரே தன் மண்ணெண்ணெய்க் கானைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஆர்சொன்னதின் கொள்கையை நான் முழுதாக நம்பியது அந்தக் கிழமைகளில்தான். பின்பு பீப்பாவும் காய்ந்தது. கையால் இறைக்கிற துலாவெல்லாம் எப்போதோ விறகாகிவிட்டது. பவளம் அக்காவின் வெங்காயம் அப்போதுதான் வேர் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் வெயிலில் ஓடும் சோலார் மோட்டர் தருவதாக வந்தது. அதன் உத்தியோகத்தர் ஒரு இளம்பெண். நல்ல பிள்ளை. கிணற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கடை சங்கத்தின்ரை தலைவர் ஆர்?" என்று கேட்டாள்.

"எங்களுக்குத் தலைவர் இல்லைப் பிள்ளை" என்றார் ஆர்சொன்னது.

"தலைவர் இல்லாட்டி மோட்டர் தர ஏலாது ஐயா."

"ஆர் சொன்னது?"

"கொழும்பு ஒபிஸ்."

"அவைக்கு ஆர் சொன்னது?"

பிள்ளைக்கு அழுகை வரும்போல இருந்தது. நாங்கள் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுப் பூவரசுக்குக் கீழே இருந்தோம். தலைவராக ஆளைத் தேட எங்கள் ஊரில் கஷ்டமா என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். எல்லாருக்கும் ஆசை இருந்தது. மற்றவர் வருவதில் எவருக்கும் சம்மதமில்லை. சிவபாதத்தாரின் பெயரைச் சொன்னால் நாலு பேர் இல்லை என்றார்கள். என் பெயரைச் சொன்னால் அவர் இல்லை என்றார். சுற்றிச் சுற்றி வந்து, மற்ற ஏழு பங்குக்காரரும் மறுக்காமல் ஒத்துக்கொள்ளக்கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. தலைவரே வேண்டாம் என்ற மனிதரை மட்டும்தான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

"நான் ஒருத்தன் இல்லை எண்டாப் போதும். இது நடவாது" என்றார் அவர்.

"சொல்லுங்கோ அண்ணை" என்றாள் பவளம் அக்கா. கெஞ்சவில்லை, கோபிக்கவுமில்லை. "உங்கடை உரிமை அது. என்ரை வெங்காயம் வாற கிழமை வரைக்குந்தான் தாங்கும்."

அவர் எழும்பிப் போகவும் முடியாது, அவருடைய விதி. வேறு வழி சொல்லவேண்டும், அதுவும் அவருடைய விதி. வெகுநேரம் அந்தப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பெண்ணெய் குடித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு "ஓம்" என்றார்.

மோட்டர் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பொன்னாடை போர்த்த வந்தவரிடமும் ஆர் சொன்னது என்று கேட்டார்; மேளச் சத்தத்தில் அது எடுபடவில்லை. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எங்கள் எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு. நடுவில் மாலையோடு நிற்பவர் மட்டும் செத்தவீட்டில் படத்துக்கு நின்றவர்போல இருக்கிறார்.

தண்ணீர் வந்தது. அதோடு எங்களுக்கு ஒரு நோயும் வந்தது. பூவரசுக்குக் கீழே கூடுவதை நிறுத்திவிட்டோம். வாய்க்கால் உடைந்தால் தலைவர் வரட்டும். மாடு தோட்டத்துக்குள் விழுந்தால் தலைவரிடம் சொல்லு. "நீங்கள் ஆளுக்காள் கதைச்சுப் பாருங்கோவன்" என்று அவர் மன்றாடுவார். தலைவர் கதைக்கச் சொன்னவர் என்று அதையும் ஒரு கட்டளையாக ஊருக்குள் கொண்டுபோவார்கள். ஒருநாள் நுளம்பு கடித்ததென்று கிழக்குப் பக்கம் கையை உதறினார். பக்கத்தில் நின்றவர் உடனே கிழக்கு வாய்க்காலைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அந்தப் போகத்தின் நடுவில் ஒருநாள் நானும் அவரும் வாய்க்கால் வழியே கடைசித் தோட்டம் வரைக்கும் நடந்தோம். வெங்காயத்தின் தாள் நுனியெல்லாம் மஞ்சளாகிக் கருகியிருந்தது. பாத்தி வெடித்துக் கிடந்தது.

"பிள்ளை, ஏன் உது காயுது? உன்ரை முறைக்குத் தண்ணி விடேல்லையே?" என்று ஆர்சொன்னது கேட்டார்.

பாத்தியில் குந்தியிருந்த பவளம் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்ரை முறையை விட்டுக்குடுக்கச் சொன்னதெல்லே அண்ணை."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். தலைவர் சொன்னவர் எண்டு சிவபாதத்தார் வந்து சொன்னவர்."

"என்னட்டை வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

"தலைவர் சொன்னாப் பிறகு எப்பிடிக் கேக்கிறது?"

அவர் வரம்பிலேயே இருந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன், வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவருக்கு முதல் தடவையாக அதற்கு ஒரு மறுமொழி கிடைத்திருந்தது, அது அவருடைய பெயராக இருந்தது. பவளம் அக்கா கருகிய தாள்களைப் பிடுங்கத் தொடங்கினாள். அந்தப் போகத்தில் அவளுக்குப் பாதி விளைச்சல்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் எல்லாரையும் கூப்பிட்டார். சிவபாதத்தாரை ஒரு சொல்லும் கண்டிக்கவில்லை. "நான் விலகிறன். எல்லாரும் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

சிவபாதத்தார்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் சொன்னேன். கடைசியாகப் பவளம் அக்கா.

"இல்லை" என்றாள்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? உன்ரை தோட்டந்தானே காய்ஞ்சது."

"அதுதான் அண்ணை. நீங்கள் இருக்கேக்கை உங்கடை பேரைச் சொல்லி எண்டாலும் எடுத்தாங்கள். நீங்கள் இல்லாட்டி ஒருத்தற்றை பேரும் சொல்லாமல் எடுப்பாங்கள். எனக்குச் சம்மதமில்லை."

"அப்ப வேறை வழி சொல்லு."

"என்ரை முறைக்கு நீங்களே வந்து நில்லுங்கோ. அதுதான் வழி."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். ஒருத்தர் இல்லை என்றாலும் நடவாது என்று எங்களுக்குப் படிப்பித்தவர் அவர். நாட்டில் எத்தனையோ தலைவர்கள் விதியை மாற்றிப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். விதியை மீற மனமில்லாமல் பதவியில் மாட்டிக்கொண்டவர் எங்கள் ஆர்சொன்னது ஒருவர்தான். பவளம் அக்காவின் ஒவ்வொரு முறைக்கும் மண்வெட்டியோடு வந்து, பாத்தி பாத்தியாகத் தானே தண்ணீரைத் திருப்பிவிட்டார். மெலிந்துகொண்டே போனார். கதைப்பதும் குறைந்துபோயிற்று. பஸ்ஸில் கொண்டக்டர் சொன்னதும் காரணம் கேளாமலே பின்னால் போனார் என்று யாரோ சொன்னார்கள்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆசுபத்திரியில் சேர்த்தோம். பார்வையாளர் நேரத்தில் நானும் பவளம் அக்காவும் போனோம். அவள் போத்தலில் கொண்டுபோன சீனியில்லாத தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, இப்பவாவது ஓம் எண்டு சொல்லன்" என்றார். "ஒருத்தருக்கும் மேலை இல்லாமல் போகவேணும் எண்டு இருக்கு."

"விலகிறதெண்டா எழும்பி வாங்கோ அண்ணை. கிணத்தடியிலை எல்லாரும் இருந்து கதைப்பம்."

"நீ என்னைச் சாகவும் விடமாட்டாய் போலை."

"அதுக்கும் எனக்குச் சம்மதமில்லை."

அவர் சிரித்தார். பொலிஸ்காரருக்கு எல்லாரும் கையைத் தூக்கிய கதையைச் சொல்லும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. இரண்டொரு நாளில் போய்விட்டார். தன் வாழ்க்கையில் அந்த ஒரு முடிவைத்தான் அவர் எங்களில் ஒருவரையும் கேளாமல் எடுத்தார்.

செத்தவீட்டுக்கு ஊரிலுள்ள சங்கங்கள் எல்லாம் 'எமது தலைவர்' என்று பதாகை கட்டின. அவரை ஒருநாளும் உள்ளே எடுக்காத சங்கங்கள்கூடக் கட்டின. அதையெல்லாம் கழற்றிவிட எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பின்பு ஒருநாள் மோட்டரைப் பார்க்க அந்த உத்தியோகத்தர்ப் பிள்ளை வந்தாள். நாங்கள் பூவரசுக்குக் கீழே வந்து இருந்தோம். வெகுநாளுக்குப் பிறகு எல்லாரும் அங்கே இருந்தது அன்றைக்குத்தான்.

"புதுத் தலைவர் ஆர்?" என்று கேட்டாள்.

தலைவர் ஆசை ஒருநாளும் தீராத சிவபாதத்தாரைத்தான் எல்லாரும் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"அவர்தான் இப்பவும் தலைவர்" என்றார்.

"அவர் தவறிப்போனார் எண்டெல்லோ சொன்னவை?"

"ஓம் பிள்ளை. ஆனால் அவர் விலக இன்னும் எல்லாரும் சம்மதிக்கேல்லை."

பவளம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று அவர் கேட்டபோது நான் ஓம் என்றுதான் சொன்னேன். இப்போது கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன்.